மழைக்கு அழுதவர்கள்

மாயாஜால நாவல்களை விழுந்து விழுந்து படிக்கிற நண்பர் ஒருவர் போன மாசம் ஒரு கேள்வி கேட்டார். "இந்தக் கதைகள்ல மந்திரம்னாலே ஒரு தாடிக்காரக் கிழவர், கையில கோல், பழைய ஏடு. களை எடுக்கிறவங்க, மாடு மேய்க்கிறவங்க, இப்படிச் சாதாரண ஜனங்க கூடிப் பாடியே எதையாவது நடக்க வைக்கிற மாதிரி நம்ம ஊர்ல இருந்திருக்கா?"

இருந்திருக்கு என்று உடனே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என் பழைய குறிப்பு நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். குறிஞ்சிப்பாடி பக்கத்தில் நான் கேட்டு எழுதியதும், படித்து எழுதியதும் கலந்து கிடந்தன. அவருக்குக் கடிதமாக எழுத ஆரம்பித்தது இது. நீண்டுவிட்டதால் இங்கேயே போடுகிறேன்.

நம்ம பேச்சிலேயே ஒரு வித்தியாசம் இருக்கு. மந்திரம் என்பது முணுமுணுப்பது. காதில் ஓதுவது. இன்னாருக்குத்தான் தெரியும், இன்னாருக்குத்தான் சொல்லலாம். பாட்டு அப்படி இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் யாருக்கும் வந்துவிடும். ஃபின்லாந்தில் எலியாஸ் லொன்ரோட் என்ற மருத்துவர் கிராமத்து ஜனங்களிடம் கேட்ட பாட்டுகளைத் தொகுத்து 1835-இல் 'கலேவலா' என்று வெளியிட்டார். அதில் ஒரு கிழவன் பாடியே எதிரியைச் சேற்றில் இறக்குகிறான். பாட்டு அங்கே ஆயுதம். நம்ம பக்கத்தில் நான் பார்த்தவரை பாட்டின் வேலை பெரும்பாலும் வேறு.

முதலில் அகநானூறு 102. தினைப்புனத்தில் ஒரு கொடிச்சி, தலைக்குச் சந்தனம் பூசிக் கூந்தலைக் கோதியபடி குறிஞ்சிப் பண்ணைப் பாடுகிறாள். தினையைத் தின்ன வந்த யானை கதிரையும் தின்னாமல், இடத்தை விட்டும் நகராமல், அப்படியே தூங்கிப்போகிறது. கவண் கல் இல்லை, தீப்பந்தம் இல்லை. யானை விரட்டப்படவில்லை, தூங்க வைக்கப்படுகிறது. இதை மனசில் வையுங்கள், பிறகு வரும். (எங்க ஊர்ப் பெயரைப் பிரித்து எழுதினால் 'குறிஞ்சி பாடி' என்று ஆகும். குறிஞ்சிப் பண்ணைப் பாடி என்று பொருள். சுற்றுவட்டாரம் முழுக்கச் சமவெளி, யானைக்கும் வழியில்லை. பெயர்க்காரணம் இதுதான் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம், எனக்கு ஒரு அல்ப சந்தோஷம், அவ்வளவுதான்.)

மலைபடுகடாத்தில் இன்னொரு இடம். மலையில் காதில் விழுகிற ஓசைகளை எல்லாம் புலவர் அடுக்கிக்கொண்டே போகிறார். நடுவில், புலி பாய்ந்து மார்பில் காயம்பட்ட கணவன்மாருக்குக் காப்பாகக் கொடிச்சியர் பாடுகிற பாட்டும் ஒரு ஓசையாக வருகிறது. மலையில் கேட்கிற மற்ற சத்தங்களோடு இதுவும் ஒன்று. அதை அதிசயமாகச் சொல்லாமல் பட்டியலில் சேர்த்திருப்பதுதான் எனக்கு முக்கியம். அந்தக் காலத்தில் அது அவ்வளவு சகஜம்.

மூன்றாவது புறநானூறு 281, அரிசில் கிழார் பாடியது. போரில் புண்பட்டவன் வீட்டில் கிடக்கிறான். வீட்டில் இரவ மரத்துத் தழையும் வேப்பந்தழையும் செருகி, யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலிக்க, வெண்கடுகு தூவி, ஆம்பல் குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி, வீடு முழுக்கப் புகை போட்டு அவனைக் காப்போம், வா தோழி என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கூப்பிடுகிறாள். தனியாகச் செய்கிற காரியம் இல்லை, துணைக்கு ஆள் வேண்டும்.

இந்தப் பாட்டை முதன்முதலில் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அந்த வீட்டுக்குள் படுத்திருந்தவன்.

எட்டு வயசில் எனக்கு அம்மை வார்த்தது. நெசவுத் தெரு. வீட்டுத் தறி பத்து நாளைக்கு ஓடவில்லை. தறிச் சத்தம் இல்லாத வீட்டை நான் அதுவரை கேட்டதே இல்லை. வாசலில் வேப்பிலை, படுக்கையில் வேப்பிலை, அடுப்பில் தாளிப்பு கிடையாது. சாயங்காலம் தெருவில் நாலைந்து பெண்கள் குளித்துவிட்டு வந்து உட்காருவார்கள். ஒரு அக்கா மட்டும் தாளெல்லாம் உதிர்ந்துபோன சின்னப் புத்தகத்தைப் பார்த்து மாரியம்மன் தாலாட்டுப் பாடுவாள், மற்றவர்கள் இழுப்பார்கள். பாதிக்கு மேல் அவர்களுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. பெரியவனான பிறகு அம்மாவிடம் கேட்டேன், தொத்திக்கும்னு பயமில்லையா என்று. "வந்தவங்க எல்லாரும் முன்னாடியே அம்மை வார்த்து எழுந்தவங்கதாண்டா" என்றாள். அவர்கள் அறியாமல் ஒன்றும் செய்யவில்லை.

தாலாட்டு என்ற பெயரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உடம்பெல்லாம் முத்து முத்தாகக் கொப்புளம், காய்ச்சலில் பிள்ளை புரள்கிறது. பாட்டு பிள்ளைக்கு இல்லை, உள்ளே வந்திருக்கிறவளுக்கு. அவளைத் துரத்துவதில்லை, திட்டுவதில்லை. சொந்தக்காரி மாதிரி உபசரித்து, புகழ்ந்து, கோபம் தணித்துத் தூங்கப்பண்ணுவது. தினைப்புனத்து யானை நினைவுக்கு வருகிறதா? அகநானூற்றிலிருந்து எங்க தெரு வரைக்கும் நேர்கோடு போட எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் வேப்பிலை, பாட்டு, துணைக்குப் பெண்கள், எதிர்ப்பதை விடச் சாந்தப்படுத்துகிற எண்ணம், இவை சேர்ந்தே இருப்பதைப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

இதை வைத்து 'நம் முன்னோர்கள் அன்றே கண்டுபிடித்தார்கள்' என்று எழுதுகிற கூட்டத்தில் என்னைச் சேர்க்க வேண்டாம். எனக்கு வந்தது சின்னம்மை. பாடினாலும் பாடாவிட்டாலும் இறங்கியிருக்கும். பெரியம்மை வேறு. கொடிய வகையாக இருந்தால் பத்துப் பேரில் மூன்று பேரைக் கொண்டுபோன நோய் அது. அதை ஒழித்தது தடுப்பூசி. 1975-க்குப் பிறகு இந்தியாவில் அது இல்லை, உலகத்திலேயே இல்லை என்று 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்தப் பாட்டுக்கு இருந்த பெரிய வேலை போய்விட்டது, போனது நல்லதுதான். ஆனால் அந்தப் பத்து நாளும் நான் ஒரு சாயங்காலம்கூடத் தனியாகப் படுத்திருக்கவில்லை. அதைத் தடுப்பூசிக் கணக்கில் எழுத முடியாது.

கூடிப் பாடுவது எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடவும் கூடாது. ஏற்றப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். துலா மரத்தின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார், கீழே ஒருவர் சாலைப் பிடித்துக் கவிழ்ப்பார். பிள்ளையாரை வணங்கித் தொடங்கி எத்தனை சால் இறைத்தது என்று எண்ணிக்கொண்டே போவது பாட்டு. அது கணக்கு நோட்டு, மூச்சுக்குத் தாளம். கம்பர் ஒரு நாள் சாயங்காலம் ஏற்றக்காரன் ஒருவன் மூங்கில் இலையைப் பற்றிப் பாதி அடி பாடிவிட்டு வேலையை முடித்துக்கொண்டு போனதைக் கேட்டு, மிச்சம் என்னவாக இருக்கும் என்று தூக்கம் வராமல் கிடந்து, மறுநாள் காலையில் வந்து கேட்டாராம். ஏற்றப்பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை என்பார்கள். ஆனால் அந்தப் பாட்டால் கிணற்றில் தண்ணீர் ஊறும் என்று இறைத்தவன் நினைக்கவில்லை. மோட்டார் வந்ததும் பாட்டு நின்றது. தோள்பட்டை தப்பித்தது என்றுதான் சொல்லுவார்கள், நியாயம்தான்.

மாலினோவ்ஸ்கி 1925-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதை அழகாகப் பிரித்துக் காட்டுகிறார். டிரோப்ரியண்ட் தீவு மீனவர்கள் அமைதியான காயலில் மீன் பிடிக்க மந்திரம் எதுவும் செய்வதில்லை, திறந்த கடலுக்குப் போகும்போது விரிவாகச் செய்கிறார்கள். கைத்திறன் முடிகிற இடத்தில்தான் மந்திரம் தொடங்குகிறது. நம்ம விவசாயிக்குக் காயல் கிணறு என்றால் திறந்த கடல் வானம். அங்கேதான் உண்மையான பாட்டு மந்திரம் இருந்தது.

தென்னாற்காட்டில் மழை தவறினால் செய்தவை பல. விராட பருவம் படித்தால் மழை பெய்யும் என்ற நம்பிக்கை தென்னாட்டில் பரவலானது. திரௌபதியம்மன் கோயில்களும் தெருக்கூத்தும் வேரோடிய இந்தப் பக்கத்தில் அது இன்னும் பலமாக இருந்தது. இன்னொன்று மழைச்சோறு. பெண்கள் பாத்திரத்தோடு வீடு வீடாகப் போய் உப்பில்லாத சோறோ கூழோ வாங்கி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, ஊர்ப் பொது இடத்தில் உட்கார்ந்து தின்பார்கள். பிழைக்க வழியில்லை, ஊரை விட்டுப் போகிறோம் என்று அழுது பாடுவார்கள். ஆண்டாள் திருப்பாவையிலும் நோன்புக்குப் பலன் மழைதான், ஆனால் அங்கே கேட்கிற முறை மங்கலமானது. இங்கே மிரட்டல். நாங்கள் போய்விட்டால் நீ யாருக்காகப் பெய்வாய் என்று வானத்தைக் கேட்கிற மாதிரி.

எல்லாவற்றிலும் கடுமையானது கொடும்பாவி. ஊரில் யாரோ செய்த பெரும்பாவம்தான் மழையைத் தடுக்கிறது என்று வைத்துக்கொண்டு, அந்தப் பாவியை வைக்கோலில் உருவமாகக் கட்டி, கயிறு போட்டுத் தெருத்தெருவாக இழுப்பார்கள். பின்னால் மாரடித்து ஒப்பாரி. ஊர் எல்லையில் கொண்டுபோய்க் கொளுத்தி, சாவுச் சடங்கு முறையாக நடக்கும். எட்கர் தர்ஸ்டன் 1912-இல் வெளியிட்ட தென்னிந்திய நம்பிக்கைகள் பற்றிய புத்தகத்தில் மழை வரவழைக்கும் சடங்குகளுக்கு ஒரு அத்தியாயமே கொடுத்திருக்கிறார். சடங்கு மறைந்தாலும் சொல் மறையவில்லை. இன்றைக்கும் கட்சிக்காரர்கள் எதிர்க்கட்சித் தலைவர் உருவத்தைக் கொளுத்தினால் பத்திரிகையில் 'கொடும்பாவி எரிப்பு' என்றுதான் போடுகிறான். மழைக்கான சடங்கு என்று எழுதுகிற நிருபருக்குத் தெரியுமா என்பது சந்தேகம்.

படித்தவர்கள் இதற்கு உடனே ஒரு விளக்கம் வைத்திருப்பார்கள். கண்ணீர் மழையைப் போல, அதனால் கண்ணீர் விட்டால் மழை வரும், ஒத்தது ஒத்ததை வரவழைக்கும். ஃபிரேசர் காலத்திலிருந்து ஓடுகிற சரக்கு. எனக்கு இது போதவில்லை. ஊரே குற்றவாளியைத் தேடுகிறது, கிடைக்கவில்லை, வைக்கோலில் செய்கிறது. செய்து கொன்று, பிறகு அதற்காகவே அழுகிறது. வெறும் மழை ஜாடைக்கு இவ்வளவு நாடகம் வேண்டியதில்லை.

நடுவே ஒரு விஷயம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டதே 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோதுதான். பிறகு சுரங்கம் தோண்டப் போனால், நிலக்கரிப் படுகைக்கு அடியில் நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு மேலே தள்ளிக்கொண்டு நிற்கிறது. ராப்பகலாக அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காமல் நிலக்கரியை எடுக்க முடியாது. 1956-இல் நிறுவனம் தொடங்கியதிலிருந்து அந்த வட்டாரத்துப் பெரிய தலைவலி இதுதான். ஜனங்கள் வானத்தைப் பார்த்து வைக்கோல் பொம்மைக்கு ஒப்பாரி வைத்த பூமிக்குக் கீழே தண்ணீர் வெளியே வர முட்டிக்கொண்டிருந்தது. இப்போது அந்த நீர்மட்டம் எங்கே போனது என்று சுற்றுவட்டார விவசாயிகளைக் கேட்டால் வேறு ஒரு ஒப்பாரி கேட்கலாம். அதைத் தனியாக எழுத வேண்டும்.

திரும்பி வருகிறேன். கொடும்பாவிப் பாட்டு ஒன்றாவது வேண்டும் என்று ரொம்ப நாளாகத் தேடினேன். அச்சில் வந்த தொகுப்புகளை நம்பி இருக்க முடியாது. சார்லஸ் கோவர் 1871-இல் போட்ட தென்னிந்திய நாட்டுப்பாடல் தொகுப்பில் திருக்குறளும் சிவவாக்கியரும் இருக்கிறார்கள்! பெர்சி மாக்வீன் சேகரித்து 1958-இல் கி.வா.ஜ. பதிப்பித்த 'மலையருவி' மாதிரி நல்ல தொகுப்புகளிலும், ஒரு பாட்டை யார் பாடினார்கள், எதற்காக, என்ன கிடைத்தது என்ற விவரம் குறைவு. அதனால் பெருமாள் ஏரிக்குப் போகிற வழியில் ஒரு ஊர்க் காலனியில், எண்பதைத் தாண்டிய ஒரு ஆயா இருக்கிறார், ஒப்பாரியில் பேர்போனவர் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

நல்லாப் பேசினார். நடவுப் பாட்டு பாடினார். குலவை போட்டுக் காட்டினார், பக்கத்து வீட்டுக் குழந்தைகள் ஓடிவந்துவிட்டன. தாலாட்டு பாடினார். பிறகு கொடும்பாவி என்றேன். முகம் மாறிவிட்டது.

"அத எதுக்குப்பா கேக்குற?"

"மழைக்கு அழுவாங்களாமே ஆயா, அந்தப் பாட்டு."

"அழுதோம். ஊர்க்காரங்க ஆள் உட்டு கூப்புடுவாங்க. பொம்மைய அவங்க கட்டி வச்சிருப்பாங்க. நாங்க பின்னாடி மாரடிச்சிக்கினே போவணும். அவங்க ஊட்டுச் சாவுக்கும் நாங்கதான் அழுதோம், வைக்கோலுக்கும் நாங்கதான் அழுதோம். நெல்லு குடுப்பாங்க. தெரு நடுவுல நடந்துபோறதுக்கு அன்னிக்கு ஒரு நாளு உட்டாங்க."

கடைசி வாக்கியத்தை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நோட்டில் எழுத எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

மழைச்சோற்றைப் பற்றிக் கேட்டேன். எல்லா வீட்டுச் சோறும் ஒரே பாத்திரத்தில் சேருமே என்றேன். சிரித்தார். "எல்லா ஊட்டுதுமா? அவங்களுது தனி, எங்களுது தனி. ஒரே மழைக்கு ரெண்டு சட்டி." புத்தகங்களைப் படித்துவிட்டு 'ஊர் முழுவதும் கூடி' என்று நானே முன்பு ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறேன். அந்த வரியை இங்கே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பக்கத்து வடலூரில் வள்ளலார் 1867-இல் ஏற்றிய தருமசாலை அடுப்பு இன்றும் எரிகிறது. அங்கே யார் என்று கேட்காமல் சோறு போடுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது, இரண்டு சட்டி என்று கேட்ட அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பாட்டு மந்திரம் என்றால் எல்லாருக்கும் பொது, மந்திரவாதி இல்லாத மந்திரம் என்று நண்பரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். பாதிதான் சரி. யார் வேண்டுமானாலும் பாடலாம் என்பது ஒன்று, இன்னார் பாடியே ஆகவேண்டும் என்பது இன்னொன்று. அம்மை வீட்டுக்கு எங்க தெருப் பெண்கள் தாமாக வந்தார்கள். ஆயாவை ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். ஊருடைய பாவத்துக்கு அவர் நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையை இதற்குப் பிறகு திரும்பப் படித்தேன். உறைக்கு வைத்த பால் உறையவில்லை, காளையின் கண்ணில் நீர் வடிகிறது, உறியில் வெண்ணெய் உருகவில்லை, மாட்டின் கழுத்து மணி அறுந்து விழுகிறது. ஏதோ கேடு வருகிறது என்று தெரிகிறது, என்ன என்று தெரியவில்லை. இடைச்சி மாதரி, கறவைக்கும் கன்றுக்கும் வந்த துன்பம் தீரட்டும் என்று குரவை ஆட ஏற்பாடு செய்கிறாள். ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி அவர்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயரையே வைக்கிறாள். மனுஷிகளே சுரமாகி நிற்கிறார்கள். நான் படித்ததில் இதைவிட அழகான பாட்டு மந்திரம் எந்த மாயாஜால நாவலிலும் இல்லை. ஆனால் பலிக்கவில்லை. அங்கே கோவலன் வெட்டுப்பட்டாயிற்று. பிற்பாடு, அடைக்கலம் வந்தவர்களைக் காக்க முடியவில்லையே என்று மாதரி தீயில் விழுந்து சாகிறாள். அரசனுடைய பிழைக்கு இடைச்சேரியில் ஒருத்தி பாடியும் பார்த்தாள், பொறுப்பும் ஏற்றாள்.

ஆயாவிடம் இன்னொரு முறை கேட்டுப் பார்த்தேன், வெட்கத்தை விட்டு. நாலு வரியாவது பாடினால் அழியாமல் இருக்குமே என்றேன்.

"அழிஞ்சிட்டுப் போவுது. நடவுப் பாட்டு எத்தினி வேணும், பாடுறேன். தாலாட்டு எழுதிக்க. இது வாணாம் தம்பி."

அந்தப் பக்கத்தில் சடங்கின் விவரம் இருக்கிறது, பாட்டுக்கு விட்ட இடம் காலியாக இருக்கிறது. வேறு ஊரில் வேறு யாரிடமாவது கேட்டு அதை நிரப்பலாம். இதுவரை போகவில்லை. கிளம்பும்போது கடைசியாக ஒன்று கேட்டேன்.

"அழுதும் மழை வரலன்னா என்ன ஆயா பண்ணுவாங்க?"

"என்னா பண்ணுவாங்க. மறுபடியும் ஆள் அனுப்புவாங்க."